நிலநடுக்கம் நடந்த இடம் எவ்வளவு சரி? பிழையை மதிப்பிடும் வழிகளில் எதை எடுப்பது

ஒரு நிலநடுக்கப் பட்டியலைத் திறந்து ஏதாவது ஒரு வரியைப் பாருங்கள். அட்சரேகை நான்கு தசம இடங்கள் வரை இருக்கும், தீர்க்கரேகையும் அப்படியே. நான்காவது தசம இடம் என்றால் தரையில் ஏறக்குறைய 11 மீட்டர், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் உள்ள தூரம். பல கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த ஒன்றை வீட்டு எண் சொல்லும் அளவுக்கு யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. கணினி அச்சிட்டது, அவ்வளவுதான். அதே வரியில் ஆழம் என்ற கட்டத்தில் 10 என்று முழு எண்ணாக நின்றால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் அது அளந்த எண்ணே இல்லை. ஆழத்தைச் சொல்லத் தரவு போதாதபோது கணக்கு ஓடுவதற்காக வைக்கிற எண். முன்பு 33 என்று வைப்பார்கள். அதனால்தான் பழைய பட்டியல்களில் சரியாக 33 கிலோமீட்டரில் நிலநடுக்கங்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

எனவே பட்டியலைப் பயன்படுத்துபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த இடம் எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம் என்பதை எந்த வழியில் மதிப்பிடுவது என்றுதான். வழிகள் பல இருக்கின்றன. பிழை நீள்வட்டம், நிலநடுக்கமானி நிலையங்களின் அமைப்பை வைத்துச் சொல்லும் தர விதிகள், நிகழ்தகவு வரைபடம், தரவைக் கலைத்துப்போட்டுத் திரும்பக் கணக்கிடுவது, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு இடம் காண்பது, இடம் ஏற்கெனவே தெரிந்த நிகழ்வோடு உரசிப் பார்ப்பது. எல்லாமே கடைசியில் கிலோமீட்டரில் ஓர் எண்ணைத்தான் தருகின்றன. ஆனால் அந்த எண்கள் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. குழப்பம் முழுக்க அங்கேதான்.

பிழை எங்கிருந்து வருகிறது

இடம் கண்டுபிடிக்கும் கணக்கில் தெரியாதவை நான்கு: அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நிலநடுக்கம் தொடங்கிய நேரம். தெரிந்தவை, ஒவ்வொரு நிலையத்திலும் முதலில் வரும் பி அலையும் பின்னால் வரும் எஸ் அலையும் வந்து சேர்ந்த நேரம். புவி ஓட்டில் பி அலை விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், எஸ் அலை சுமார் மூன்றரை. பி அலையின் வருகையை 0.1 விநாடி தவறாகக் குறித்தால் 600 மீட்டர் போய்விட்டது. இது முதல் வகைப் பிழை. சில நிலையங்களில் முன்னால் தள்ளும், சிலவற்றில் பின்னால் இழுக்கும், நிலையங்கள் கூடக்கூட ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வகைதான் தொல்லை. அலை எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று நாம் ஒரு வேக மாதிரியை வைத்துச் சொல்கிறோம். உலக அளவில் 1995-இல் வந்த ஏகே135 போன்ற மாதிரிகள் பூமியை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வைத்துக்கொள்கின்றன. ஆழம் கூடினால் வேகம் மாறும், பக்கவாட்டில் எங்கே போனாலும் ஒன்றுதான். உண்மையான பூமி அப்படி இல்லை. இந்த வித்தியாசம் ஒரு திசையிலிருக்கும் எல்லா நிலையங்களையும் ஒரே பக்கமாகத் தள்ளும். நிலையங்கள் கூடினாலும் அடித்துக்கொள்ளாது. இதைச் சாய்வு என்று சொல்லிக்கொள்வோம்.

நிலையங்கள் எப்படி நிற்கின்றன என்பது மூன்றாவது. அது தனியாகப் பிழையை உண்டாக்குவதில்லை, முதல் இரண்டையும் பெருக்கிக் காட்டும். எல்லா நிலையங்களும் ஒரே பக்கம் இருந்தால், சின்னத் தவறும் மையத்தை, அதாவது வரைபடத்தில் நிலநடுக்கத்துக்குக் குறிக்கும் புள்ளியை, வெகுதூரம் இழுத்துவிடும்.

எந்த வழியை ஒப்பிட்டாலும் என் கேள்வி ஒன்றுதான்: இந்த மூன்றில் எதை அதனால் பார்க்க முடிகிறது, எது அதன் கண்ணுக்கே படுவதில்லை?

பிழை நீள்வட்டம்: எல்லாரிடமும் இருப்பது

1910-இல் லுட்விக் கைகர் ஒரு வழி சொன்னார். ஓர் இடத்தை ஊகித்து வையுங்கள், ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள், வந்த நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த வித்தியாசத்துக்கு எச்சம் என்று பெயர். எச்சங்களின் வர்க்கக் கூட்டல் குறையும் பக்கமாக ஊகத்தை நகர்த்துங்கள். குறைவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இன்றும் பெரும்பாலான பட்டியல்களின் அடியில் இருப்பது இந்த மீச்சிறு வர்க்க முறைதான். கணக்கு முடிந்ததும் அதே சமன்பாடுகளிலிருந்து பிழை நீள்வட்டம், அதாவது உண்மையான இடம் இருக்கக்கூடிய பகுதியைச் சுற்றி வரையும் நீள்வட்டம், செலவில்லாமல் கிடைத்துவிடும். 1972-இல் வந்த ஹைப்போ71 என்ற நிரல் கிடைமட்டப் பிழை, செங்குத்துப் பிழை என்று இரண்டு எண்களை அச்சிட்டு, ஏ முதல் டி வரை தரமும் போட்டது. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

இதன் பெரிய பலம், ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பது. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை வடிகட்ட வேறெதுவும் இவ்வளவு சுலபமில்லை. பலவீனங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில், அந்த நீள்வட்டம் எத்தனை சதவீதத்துக்கு? ஒரு திட்ட விலக்கம் என்றால் 68 சதவீதம் என்று மனப்பாடமாக வைத்திருப்போம். அது ஒற்றைப் பரிமாணத்துக்கு. தரைமேல் இரண்டு பரிமாணத்தில் ஒரு திட்ட விலக்க நீள்வட்டத்துக்குள் உண்மையான இடம் இருக்க வாய்ப்பு 39 சதவீதம்தான். 90 சதவீத நீள்வட்டம் வேண்டுமென்றால் அச்சுகளை ஏறக்குறைய 2.15 மடங்கு நீட்ட வேண்டும். ஒரு நிறுவனம் ஒரு திட்ட விலக்கத்தைத் தருகிறது, இன்னொன்று 90 சதவீதத்தைத் தருகிறது என்று வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு முதலாவது இரண்டு மடங்கு துல்லியமானதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

அடுத்தது இன்னும் மோசம். எச்சங்கள் சின்னதாக இருந்தால் நீள்வட்டமும் சின்னதாகும் என்பது பல நிரல்களின் ஏற்பாடு. நான்கு தெரியாதவற்றுக்கு நான்கே வருகை நேரங்கள் இருந்தால் என்ன ஆகும்? பொதுவாகச் சமன்பாடு கச்சிதமாகப் பொருந்திவிடும், எச்சம் பூஜ்யம். சரிபார்க்க ஓர் அலைகூட மிச்சமில்லாததால் வந்த பூஜ்யம் அது. ஐந்து, ஆறு வருகைகள் மட்டும் உள்ள நிகழ்வு மிக நல்ல எச்சத்தோடு பட்டியலில் உட்கார்ந்திருக்கும், நாற்பது வருகைகள் உள்ளது அதைவிட மோசமாகத் தெரியும். இதை முன்னோடிகளும் உணர்ந்திருந்தார்கள். 1965-இல் ஃபிளின் எச்சங்களிலிருந்தே நம்பிக்கை எல்லையை எடுத்தார், வருகைகள் குறைந்தால் எல்லை தானாக விரியும்படி. 1969-இல் எவர்ண்டன், அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்ததாக வைத்துக்கொண்டார். 1981-இல் ஜார்டனும் ஸ்வெர்ட்ரப்பும் இரண்டையும் கலந்து எடையிடும் வழியைத் தந்தார்கள். எச்சத்தை மட்டும் நம்பி அச்சிட்ட நீள்வட்டத்தைக் கண்டால், வருகைகளின் எண்ணிக்கையை நான் உடனே பக்கத்துக் கட்டத்தில் தேடுவேன்.

மூன்றாவது பலவீனம், நிலையங்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது. சாட்சிகள் நான்கு மடங்கானால் பிழை பாதியாகும் என்பது கணக்கு. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் 50 நிலையங்களுக்கு அலை ஏறக்குறைய ஒரே பாதையில் வருகிறது. பாதையில் வேகம் தப்பாக இருந்தால் 50-ம் ஒரே பொய்யைச் சொல்லும். ஒரே ஆளிடம் கதை கேட்டுவிட்டு வந்த 50 பேர் மாதிரி. 1964-இல் தொடங்கிய பன்னாட்டு நிலநடுக்கவியல் மையம் 2011 வாக்கில் கொண்டுவந்த புதிய கணக்கு முறை, நிலையங்களுக்கு இடையே உள்ள இந்த உறவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளாத பட்டியல்களில், நிலையங்கள் கூடியதாலேயே நீள்வட்டம் போலியாகச் சுருங்கிப்போயிருக்க வாய்ப்புண்டு.

கடைசிப் பலவீனத்துக்கு ஒரு கதையே இருக்கிறது. 1965 அக்டோபர் 29 அன்று அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான ஆம்சிட்காவில் அமெரிக்கா லாங் ஷாட் என்ற அணுகுண்டைச் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் வெடித்தது. ஏறக்குறைய 80 கிலோடன். வெடித்த இடமும் நேரமும் கச்சிதமாகத் தெரியும். உலகெங்கும் ஏராளமான நிலையங்கள் பதிவு செய்தன. நிலையங்களுக்குப் பஞ்சமில்லை, அலைகளும் தெளிவு. அப்படியும் தொலைதூர நிலையங்களை வைத்துக் கணக்கிட்ட மையம் 20 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளி விழுந்தது. காரணம் தீவுக்கு அடியில் வடக்கு நோக்கிச் சரிந்து இறங்கும் குளிர்ந்த தட்டு. குளிர்ந்த பாறையில் அலை வேகமாக ஓடும். வடக்கே இருந்த நிலையங்களுக்குப் போன அலைகள் அந்தத் தட்டு வழியாகச் சென்று சீக்கிரமே வந்துவிட்டன. சீக்கிரம் வந்தால் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றுதானே கணக்கு நினைக்கும்? மையத்தை வடக்கே நகர்த்திவிட்டது. நகர்த்திய பிறகு எச்சங்கள் நன்றாகவே பொருந்திப்போகும். தவறு முழுவதையும் இடம் விழுங்கிவிட்டது, நீள்வட்டத்துக்குச் செய்தி போகவில்லை.

நிலைய அமைப்பை வைத்துச் சொல்லும் விதிகள்

எச்சத்தையே பார்க்காமல், நிலையங்கள் எப்படி நிற்கின்றன என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன? 2004-இல் போண்டாரும் கூட்டாளிகளும் இதைத்தான் செய்தார்கள். இடம் நன்றாகத் தெரிந்த நிகழ்வுகளை எடுத்து, நிலையங்களை விதவிதமாகக் குறைத்துக் குறைத்துக் கணக்கிட்டு, எப்போது மையம் தப்பிப் போகிறது என்று பார்த்தார்கள். வந்த விதி இது. 250 கிலோமீட்டருக்குள் குறைந்தது 10 நிலையங்கள், அவற்றில் ஒன்றாவது 30 கிலோமீட்டருக்குள். மையத்தைச் சுற்றி நிலையமே இல்லாத மிகப் பெரிய கோண இடைவெளி 110 பாகைக்குக் கீழே. இரண்டாம் நிலை இடைவெளி, அதாவது ஏதாவது ஒரு நிலையத்தை எடுத்துவிட்டால் உண்டாகும் மிகப் பெரிய இடைவெளி, 160 பாகைக்குக் கீழே. இவ்வளவும் இருந்தால் மையம் 95 சதவீத நம்பிக்கையோடு 5 கிலோமீட்டருக்குள் சரி.

இரண்டாம் நிலை இடைவெளி எனக்கு மிகவும் பிடித்த எண். முழுக் கணக்கும் ஒரே ஒரு நிலையத்தின் தோளில் தொங்குகிறதா என்பதை அது காட்டிவிடும். ஒரு பக்கம் முழுக்க ஒற்றை நிலையம்தான் காவல் என்றால், அந்த நிலையத்தின் கடிகாரம் தப்பினாலோ, அங்கே யாராவது அலையை மாற்றிக் குறித்துவிட்டாலோ, மையம் எங்கேயோ போய்விடும்.

இந்த வழியின் நேர்மை எனக்குப் பிடிக்கும். உண்மையான இடத்தோடு ஒப்பிட்டுப் பிறந்த விதி என்பதால் வேக மாதிரியின் சாய்வும் அதற்குள் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் தேறியது, தேறவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தேறாதவை எவ்வளவு மோசம் என்று அது சொல்வதில்லை. கடலடியில் நடக்கும் நிலநடுக்கங்கள் அனேகமாக எல்லாமே தோற்கும், ஏனென்றால் நிலையங்கள் ஒரு கரையில் மட்டும்தான். அப்புறம், இந்த 5 கிலோமீட்டர் வரைபடத்தின்மேல் உள்ள மையத்துக்கு மட்டும். ஆழத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆழம் தனிக் கதை

ஆழமும் தொடங்கிய நேரமும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். நிலநடுக்கம் கொஞ்சம் ஆழத்தில், கொஞ்சம் முன்னதாக நடந்தது என்று வைத்தாலும், மேலே, கொஞ்சம் பிந்தி நடந்தது என்று வைத்தாலும் தூரத்து நிலையங்களுக்கு அலை ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். இந்த முடிச்சை அவிழ்க்க நேர் மேலே, அல்லது அதற்குப் பக்கத்தில் ஒரு நிலையம் வேண்டும். ஆழம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குள் ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள விதி. ஹைப்போ71 கூட ஏ தரம் கொடுக்க, கிட்டத்து நிலையம் ஆழத்தின் அளவுக்குள் அல்லது 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றது. 8 கிலோமீட்டர் ஆழம் என்று பட்டியல் சொல்கிறது, கிட்டத்து நிலையம் 60 கிலோமீட்டர் தள்ளி என்றால், அந்த 8-ஐ வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். செங்குத்துப் பிழை 1 கிலோமீட்டர் என்று பக்கத்தில் எழுதியிருந்தாலும்.

தூரத்து நிலையங்கள் மட்டும் இருந்தால் உதவுவது மேலே போய்த் தரையில் பட்டுத் திரும்பும் அலை. அது நேரடி அலைக்கு எவ்வளவு பின்னால் வருகிறது என்பது முக்கியமாக ஆழத்தைப் பொறுத்தது, நிலையம் எங்கே என்பதைப் பொறுத்து அதிகம் மாறாது. 100 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 விநாடி. ஆழம் குறைந்த நிகழ்வுகளில் இந்த இடைவெளி சில விநாடிதான், முதல் அலையின் வாலிலேயே புதைந்துபோகும். எங்கடால், வான் டெர் ஹில்ஸ்ட், புலாண்ட் மூவரும் 1998-இல் உலகப் பட்டியலைத் திருத்தி அமைத்தபோது, ஆழங்கள் மேம்பட்டதற்கு இந்த அலைகளை முறையாகச் சேர்த்தது முக்கியக் காரணம்.

நீள்வட்டத்துக்குப் பதில் முழு வரைபடம்

கைகர் முறை, விடைக்குப் பக்கத்தில் இடத்தை நகர்த்தினால் வருகை நேரமும் அதே விகிதத்தில் மாறும் என்று நம்புகிறது. நிலையங்கள் சுற்றிலும் இருந்தால் பரவாயில்லை, நம்பலாம். வலையமைப்புக்கு வெளியே நடந்த நிகழ்வுக்கு இது உதைக்கும். உண்மையான சாத்தியப் பகுதி அங்கே வாழைப்பழம் போல வளைந்திருக்கும், சில சமயம் இரண்டு துண்டாகவும் இருக்கும். வளைந்ததை நீள்வட்டத்துக்குள் அடைத்தால், சாத்தியமே இல்லாத இடம் உள்ளே வரும், சாத்தியமான இடம் வெளியே போகும்.

1982-இல் டாரன்டோலாவும் வாலெட்டும் இதற்கான நிகழ்தகவு அடித்தளத்தைப் போட்டார்கள். 2000 வாக்கில் ஆந்தனி லோமாக்ஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்த நான்லின்லாக் போன்ற நிரல்கள் அதைப் பரவலாக்கின. நிலத்தடியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இங்கே நடந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு, வாய்ப்புள்ள இடத்தை மேலும் மேலும் நுணுக்கமாகத் துழாவும். விடையாக ஒரு புள்ளி மட்டும் வராது, ஒரு மேகமே வரும். ஒரு காலத்தில் கணினி நேரம் அதிகம் பிடிக்கும் என்பார்கள். இன்று அது சாக்கு இல்லை.

இதில் எனக்குப் பயன்படும் சின்ன உத்தி ஒன்று. மேகத்தின் மிக அடர்த்தியான புள்ளியும் மேகம் முழுவதன் சராசரிப் புள்ளியும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். கிட்டக்கிட்ட இருந்தால் சாதாரண நீள்வட்டமே போதும். பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த நிகழ்வுக்கு ஒற்றைப் புள்ளி, ஒற்றை எண் எதுவுமே நியாயம் இல்லை.

ஆனால் இதுவும் வேக மாதிரியை நம்பித்தான் நிற்கிறது. மாதிரியில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று நாம் ஓர் எண் கொடுக்கிறோம், மேகத்தின் பருமன் அதைப் பொறுத்தது. 0.1 விநாடி என்று கொடுத்தால் ஒல்லி மேகம், 0.5 என்றால் குண்டு மேகம். லாங் ஷாட்டை இதில் போட்டிருந்தாலும், அழகான மேகம் 20 கிலோமீட்டர் வடக்கேதான் மிதந்திருக்கும்.

கலைத்துப்போட்டுப் பார்ப்பது

இது ஏழையின் கருவி என்பேன், பாராட்டாகத்தான். ஒவ்வொரு நிலையமாக எடுத்துவிட்டு இடத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். நீள்வட்டம் 2 கிலோமீட்டர் என்கிறது, ஒரு நிலையத்தை எடுத்ததும் மையம் 8 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் நீள்வட்டத்தை நம்ப வேண்டியதில்லை. வருகை நேரங்களில் தற்செயலான சிறு பிழைகளைச் சேர்த்து ஆயிரம் முறை கணக்கிடுவது இன்னொரு வகை. எல்லாவற்றையும் விட நல்லது வேக மாதிரியையே மாற்றிப் பார்ப்பது. அந்தப் பகுதிக்கு ஒத்துவரக்கூடிய மூன்று, நான்கு மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதே நிகழ்வுக்கு இடம் காணுங்கள். இடங்கள் சிதறும் அளவு, சாய்வின் அளவைத் தோராயமாகக் காட்டும். இதுவரை சொன்ன வழிகளில் மாதிரியையே மாற்றி அதன் பிழையைத் தொட்டுப் பார்க்கிற முதல் வழி இதுதான்.

முழுமையானதல்ல. நான்கு மாதிரிகளும் அடுக்கு மாதிரிகளாக இருந்து, உண்மையான பூமியில் சரிந்த தட்டு இருந்தால், நான்கும் சேர்ந்தே தவறும். ஆறு வருகைகளை வைத்துக்கொண்டு கலைத்துப்போடுவதும் வீண், கலைக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு இடம் காண்பது

பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு நிலநடுக்கங்களின் அலைகள் தூரத்து நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரே பாதையில் போகின்றன. பாதையின் பிழை இரண்டுக்கும் பொது, கழித்தால் போய்விடும். மிஞ்சுவது இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மட்டும். 1967-இல் டக்ளஸ் பல நிகழ்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையைச் சொன்னார். 2000-இல் வால்ட்ஹவுசரும் எல்ஸ்வொர்த்தும் இரட்டை வித்தியாச முறையைக் கொண்டுவந்து, கலிபோர்னியாவின் ஹேவர்ட் பிளவில் செய்து காட்டினார்கள். அதுவரை மேகம் மாதிரி சிதறிக் கிடந்த புள்ளிகள் மெல்லிய கோடுகளாக ஒடுங்கின. அலை வடிவங்களையே ஒன்றன்மேல் ஒன்று வைத்து நேர வித்தியாசத்தை அளந்தால், நிகழ்வுகளுக்கு இடையே உள்ள தூரப் பிழை பத்து மீட்டர் கணக்கில் இறங்கிவிடும்.

படம் அவ்வளவு அழகாக இருப்பதுதான் ஆபத்து. கூட்டத்துக்குள் யார் யாருக்கு எவ்வளவு தூரம் என்பது பத்து மீட்டர் கணக்கில் சரி. கூட்டம் மொத்தமாக எங்கே நிற்கிறது என்பது இன்னும் கிலோமீட்டர் கணக்கில் தப்பாக இருக்கலாம். இந்தப் படத்தை எடுத்துப் பிளவுக்கோடு ஒன்றின்மேல் வைத்து, இந்தப் பிளவில்தான் நடந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பக்கத்துப் பிளவு 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அப்படி எழுத இந்தத் தரவில் இடமே இல்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய தரவுத் தொகுதிகளுக்கு, இரட்டை வித்தியாச முறையைச் செய்யும் ஹைப்போடிடி நிரலின் வேகமான தீர்வு முறையைத் தேர்ந்தால், அது அச்சிடும் பிழைகள் மிகவும் குறைத்தே வரும். நிரலின் கையேடே அதை எச்சரிக்கிறது. சின்னத் தொகுதியை எடுத்து முழுத் தீர்வு முறையில் போட்டுப் பார்க்க வேண்டும், அல்லது கலைத்துப்போட்டுப் பார்க்க வேண்டும். பதிப்பித்த படங்களின் பிழைக் கோடுகளைப் பார்க்கும்போது, இதைச் செய்தார்களா என்று முறைகள் பகுதியில் தேடுங்கள்.

இடம் தெரிந்த நிகழ்வோடு உரசுவது

சாய்வை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் வழி இது ஒன்றே. கல்குவாரி வெடி, சுரங்க வெடி, அணுகுண்டுச் சோதனை என்று இடம் தெரிந்த ஏதாவது ஒன்றை, தெரியாதது போல எடுத்து உங்கள் வழக்கமான கணக்கில் போடுங்கள். எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான பிழை. துறையில் இத்தகைய நிகழ்வுகளை ஜிடி என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துக் குறிப்பார்கள். ஜிடி5 என்றால் இடம் 5 கிலோமீட்டருக்குள் சரி, ஜிடி0 என்றால் கச்சிதம். உலக அளவிலான இந்தப் பட்டியலைப் பன்னாட்டு நிலநடுக்கவியல் மையம் பராமரிக்கிறது.

குறை என்னவென்றால், வெடி தரைமட்டத்தில் நடக்கிறது. நிலநடுக்கம் 12 கிலோமீட்டர் ஆழத்தில் என்றால் அலைகள் போகும் பாதையே வேறு. வெடியில் கண்ட 3 கிலோமீட்டர் பிழை அங்கே 1 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். ஆழம் குறைந்த, ஓரளவு பெரிய நிலநடுக்கங்களுக்கு ரேடார் செயற்கைக்கோள் படங்கள் கைகொடுக்கும், தரை எங்கே அசைந்தது என்று அவற்றில் பார்த்துவிடலாம். ஆனால் அவை காட்டுவது பிளவு நழுவிய பரப்பை. வருகை நேரங்கள் காட்டுவது உடைப்பு தொடங்கிய புள்ளியை. பெரிய நிலநடுக்கத்தில் இரண்டும் வெகுதூரம் விலகியிருக்கும். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் உடைப்பு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே ஓடியது. அதன் தொடக்கப் புள்ளியையும், அலையாற்றலின் நடுப்புள்ளி என்று கணக்கிட்டதையும் ஒப்பிட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். இதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்று தப்பு என்று யாராவது சொன்னால், கேள்வியே இரண்டு என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பெரிய பகுதிக்கு அபாய வரைபடம் போடுபவருக்கு 5, 10 கிலோமீட்டர் பிழை பெரிதாக உறுத்தாது. நிலைய அமைப்பு விதியில் வடிகட்டுங்கள், தேறாதவற்றைப் பெரிய பிழையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்தகவு மேகம் வரைக்கும் போவது இங்கே வீண் உழைப்பு.

ஒரு குறிப்பிட்ட பிளவு உயிரோடிருக்கிறதா என்று கேட்பவருக்கு இரட்டை வித்தியாச முறை கட்டாயம். அதோடு, கூட்டத்தில் ஒரு நிகழ்வுக்காவது வேறு வழியில் நிலையான இடம் வேண்டும். அந்த நங்கூரம் இல்லையென்றால் பிளவின் சாய்கோணத்தையும் நீளத்தையும் எழுதலாம், பெயரை எழுதக் கூடாது.

ஆழமாகத் துளையிட்டு நீர் செலுத்தும் இடத்தில், இந்த அதிர்வு துளையின் அடியிலா, அதற்குக் கீழேயா என்று கேட்டால், எந்தக் கணக்கு முறையும் உதவாது. பக்கத்தில் நிலையம் வேண்டும். இருக்கிற காசைப் புதிய நிரலில் போடுவதா, துளையிலிருந்து 3 கிலோமீட்டரில் ஒரு நிலநடுக்கமானி வைப்பதிலா என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் நிலைமை தலைகீழ். சந்தேகத்துக்குரிய இடத்தில் நேரில் ஆய்வு செய்ய அனுமதிக்கும் பரப்பு அதிகபட்சம் 1000 சதுர கிலோமீட்டர். வட்டமாக எடுத்தால் ஆரம் சுமார் 18 கிலோமீட்டர். லாங் ஷாட் பிழையை நினைத்துப் பாருங்கள், வெடித்த இடம் அந்த வட்டத்துக்கு வெளியே போயிருக்கும். இங்கே நீள்வட்டம் சின்னதாக இருப்பதைவிட உண்மையான இடம் அதற்குள் இருப்பதுதான் முக்கியம். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நிலையத்துக்குமாக நேரத் திருத்தங்களை உண்டாக்கி, இடம் தெரிந்த வெடிகளில் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதில் இவ்வளவு காலம் செலவிட்டார்கள்.

கையில் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது, மூல வருகை நேரங்கள் இல்லை, ஒரு பிற்பகல்தான் நேரம் என்பவருக்கு என் வரிசை இது. ஆழம் சரியாக 10 அல்லது 33 ஆக நிற்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், ஆழம் தேவைப்படும் எந்தக் கணக்கிலும் அவை வேண்டாம். கோண இடைவெளி 180 பாகைக்கு மேல் உள்ளவற்றை அடுத்துப் பிரியுங்கள். அதன்பின் கிட்டத்து நிலையத்தின் தூரத்தை ஆழத்தோடு ஒப்பிடுங்கள். பிழை நீள்வட்டத்தை அதற்குப் பிறகு பாருங்கள், அதுவும் எத்தனை சதவீத நீள்வட்டம் என்று விளக்கக் குறிப்பில் தேடிப் பார்த்த பிறகு. எச்சத்தின் எண்ணைக் கடைசியில் பார்க்கலாம். பார்க்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

மூல வருகைகளும் கிடைக்கும், அந்தப் பகுதியில் ஒரு குவாரியும் இருக்கிறது என்றால், மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பட்டியலில் பகல் வேளையில் மட்டும், ஒரே இடத்தைச் சுற்றி, சின்னச் சின்னதாக வரும் நிகழ்வுகளைத் தேடுங்கள். பல பட்டியல்களில் அவை நிலநடுக்கம் என்ற பெயரிலேயே உட்கார்ந்திருக்கும், சில சமயம் 10 கிலோமீட்டர் ஆழத்தோடு. செயற்கைக்கோள் படத்தில் குவாரியின் குழியைப் பார்த்து, பட்டியல் புள்ளிகள் அதிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தள்ளி விழுந்திருக்கின்றன என்று அளந்துகொள்ளுங்கள்.